பால் மறந்த வெண்பன்றிக் குட்டிகளுக்குக் குடல் கழிச்சல்: தீவனச் சேர்க்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாயிடம் இருக்கும்வரை நன்றாக இருந்த குட்டிகள், பிரித்த சில நாளில் கழியத் தொடங்குவது ஏன்?

பிரிக்கும் நாளில் குட்டி மூன்று பாதுகாப்புகளை ஒரே நேரத்தில் இழக்கிறது. முதலாவது, தாய்ப்பாலில் வந்துகொண்டிருந்த நோய் எதிர்ப்புப் பொருள். அது ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் குடல் சுவரைப் பூசிக் காத்து வந்தது. இரண்டாவது, வயிற்றின் புளிப்பு. பாலிலுள்ள லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்கள்தாம் இளங்குட்டியின் வயிற்றைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. குட்டியின் வயிறு தானாகச் சுரக்கும் அமிலம் அந்த வயதில் போதாது. மூன்றாவது, குடலின் உட்பரப்பு. புது இடத்தில், புதுக் குட்டிகளுக்கு நடுவே, பழக்கமில்லாத தீவனத்தை முதல் நாளில் பல குட்டிகள் தொடுவதே இல்லை. சில குட்டிகள் இரண்டு நாள்கூட வாய் வைக்காமல் இருக்கும். பட்டினி கிடக்கும் குடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முனைகள் குட்டையாகிவிடும், செரிமான நொதிகள் குறையும். பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத புரதம் பின்குடலுக்குப் போய்ச் சேரும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு வேண்டியது இதுதான்.

எல்லா ஈ.கோலையும் நோய் உண்டாக்குவதில்லை. எஃப்4 (பழைய பெயர் கே88), எஃப்18 என்ற நுண்ணிழைகள் கொண்ட வகைகளே குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு குடல் செல்களிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளவைக்கிறது. குட்டி சாவது பெரும்பாலும் இந்த நீரிழப்பால்தான். எஃப்4 ஒட்டும் இடம் பிறந்ததிலிருந்தே குட்டியிடம் இருக்கும்; எஃப்18 ஒட்டும் இடம் வயது ஏற ஏறத்தான் உருவாகும். அதனால் எஃப்18 தொல்லை பால் மறந்த பிறகே தலைகாட்டுகிறது.

இது ஈ.கோலைக் கழிச்சல்தானா என்று கொட்டிலிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு ஊகிக்கலாம், உறுதி செய்ய முடியாது. பிரித்த 3 முதல் 10 நாளுக்குள், காய்ச்சல் பெரிதாக இல்லாமல், மஞ்சள் அல்லது சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் பீச்சினால் ஈ.கோலையைச் சந்தேகிக்கலாம். லிட்மஸ் தாளில் சாணத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈ.கோலை நச்சால் வரும் கழிச்சல் பெரும்பாலும் காரத்தன்மை காட்டும். ரோட்டா வைரஸ் போன்றவற்றால் செரிமானம் கெட்டு வருவது புளிப்புத்தன்மை காட்டும். இது ஒரு குறிப்பு மட்டுமே. சாணத்தில் இரத்தமும் சளியும் இருந்தால் வயிற்றுளைச்சல் நோயையோ சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவையோ நினைக்க வேண்டும்.

உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், காதிலும் அடிவயிற்றிலும் சிவப்பு, நீலத் திட்டுகள் தெரிந்தாலும், பெரிய பன்றிகளும் சேர்ந்து படுத்தாலும் தீவனப் பேச்சை விட்டுவிடுங்கள். அது பன்றிக் காய்ச்சலாகவோ ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2022-இல் கேரளத்தின் வயநாடு வரை வந்தது. பன்றிகளை விற்காமல், நகர்த்தாமல், அன்றே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

உறுதி செய்ய வேண்டுமானால், அன்றுதான் கழியத் தொடங்கிய, இன்னும் மருந்து கொடுக்காத ஐந்தாறு குட்டிகளின் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் செய்யுங்கள். மருந்து கொடுத்து மூன்று நாள் ஆன குட்டியின் மாதிரியில் எதுவும் வளராமல் போகலாம்.

ஏற்கெனவே கழியும் குட்டிக்கு எந்தச் சேர்க்கையைக் கொடுத்தால் நிற்கும்?

எதுவும் நிறுத்தாது. தீவனச் சேர்க்கைகள் நோய் பற்றாமலும் பரவாமலும் இருக்க உதவுபவை. கழியும் குட்டி தீவனமே தின்னாது. அதனால் தீவனத்தில் கலந்த எதுவும் அதற்குப் போய்ச் சேராது.

அதற்கு முதல் தேவை நீரும் உப்பும். மருந்துக் கடையில் கிடைக்கும், 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போதும். முழுப் பாக்கெட்டையும் சரியாக 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் போட்டுக் கலக்கினால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். 7 கிலோ குட்டிக்கு ஒரு நாளில் குறைந்தது 700 மில்லி உள்ளே போக வேண்டும். ஆழமில்லாத தட்டில், நாளுக்கு ஐந்தாறு முறை, புதிதாகக் கலக்கி வையுங்கள். நிப்பிள் (குட்டி வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய் முனை) தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்து, எழ முடியாமல் கிடக்கும் குட்டிக்கு வாய்வழி நீர் போதாது. மருத்துவர் ஊசி மூலம் திரவம் ஏற்ற வேண்டும். அந்தக் குட்டியைத் தனியே உலர்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள்.

பட்டியில் மீதி இருக்கும், இன்னும் கழியாத குட்டிகளுக்காகத்தான் கீழே வரும் பதில்கள்.

சேர்க்கை வாங்குவதற்கு முன் தீவனத்திலேயே மாற்ற வேண்டியது என்ன?

புரதத்தின் அளவு. இதைச் சரிசெய்யாமல் எந்த விலையுயர்ந்த பொடியைப் போட்டாலும் காசு வீண். குட்டி வேகமாக வளரட்டும் என்று 22, 23 சதவீதப் புரதத்தில் தீவனம் போடுவது பரவலான வழக்கம். குடல் பலவீனமாக இருக்கும் முதல் இரண்டு வாரத்தில் அதில் பெரும் பங்கு செரிக்காமல் பின்குடலில் அழுகி, அம்மோனியாவாகி, குடல் சுவரை மேலும் புண்ணாக்குகிறது. புரதத்தை 17 முதல் 18.5 சதவீதத்துக்குள் இறக்கி, குறையும் அமினோ அமிலங்களை லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோஃபேன் எனத் தனித்தனியாகச் சேர்த்தால் வளர்ச்சி பெரிதாகக் குறையாமல் கழிச்சல் குறையும். அமினோ அமிலம் சேர்க்காமல் புரதத்தை மட்டும் இறக்கினால் குட்டி மெலியும்.

அடுத்தது அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்கள். சுண்ணாம்புத் தூளும் கிளிஞ்சல் தூளும் வயிற்றின் புளிப்பை முறித்துவிடும். தாது உப்புக் கலவை, டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) இரண்டும் போட்ட பிறகு, "எலும்புக்கு நல்லது" என்று மேலும் 1 கிலோ சுண்ணாம்பு சேர்ப்பவர்கள், மறுபக்கம் காசு கொடுத்து அமிலம் வாங்கிப் போடுவதில் பயனில்லை.

மூன்றாவது, சோயாப் புண்ணாக்கு. முதல் இரண்டு வாரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். வறுக்காத பச்சைச் சோயா மொச்சையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் அது அறவே கூடாது.

8 முதல் 15 கிலோ எடைக் குட்டிக்கு ஒரு மாதிரிக் கலவை சொல்ல முடியுமா?

100 கிலோவுக்கு:

அரிசி நொய் 35 கிலோ
மக்காச்சோளம் 26.8 கிலோ
சோயாப் புண்ணாக்கு 18 கிலோ
வே பவுடர் (பால் திரிந்த தெளிநீரை உலர்த்திய பொடி) 6 கிலோ
நல்ல தரமான மீன் தூள் 5 கிலோ
கொரகொரப்பான கோதுமைத் தவிடு 4 கிலோ
தேங்காய் எண்ணெய் 1.5 கிலோ
டி.சி.பி. 1.4 கிலோ
தாது உப்பு, வைட்டமின் கலவை 500 கிராம்
பென்சோயிக் அமிலம் 500 கிராம்
லைசின் 450 கிராம்
உப்பு 300 கிராம்
சுண்ணாம்புத் தூள் 200 கிராம்
திரியோனின் 180 கிராம்
மெத்தியோனின் 120 கிராம்
டிரிப்டோஃபேன் 50 கிராம்

இதில் புரதம் சுமார் 18 சதவீதம், மொத்த லைசின் சுமார் 1.3 சதவீதம் வரும். மூலப்பொருளின் தரத்தைப் பொறுத்து இது மாறும்; குறிப்பாக மீன் தூள். உப்புக் கருவாட்டை அரைத்துப் போடுவதாக இருந்தால் கலவையிலிருந்து 300 கிராம் உப்பை எடுத்துவிடுங்கள். அப்போதும் உப்பு மிஞ்சும் வாய்ப்பு உண்டு. தண்ணீர் தடைபடும் நாளில் அது குட்டியைக் கொல்லும். மணல் கலந்த, நாற்றம் ஏறிய மீன் தூளில் சால்மோனெல்லா வரும். நல்ல மீன் தூள் கிடைக்காவிட்டால் அந்த 5 கிலோவைக் குறைத்து, பால் பொடியைச் சேர்த்து, அமினோ அமிலக் கணக்கை மருத்துவரிடமோ தீவன வல்லுநரிடமோ மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

நொய்யை முதலிடத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. குடலில் கொழகொழப்பை உண்டாக்கும் நார் அரிசியில் மிகக் குறைவு. வெள்ளை அரிசியை வேகவைத்துக் கொடுத்த குட்டிகளின் குடலில் நோய் உண்டாக்கும் ஈ.கோலை குறைவாகப் பெருகியதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. முதல் நாலைந்து நாள் நொய்யைக் குழைய வடித்துக் கலந்தால் நல்லதுதான். ஆனால் நம் வெயிலில் வெந்த சோறு சில மணி நேரத்தில் கெட்டுவிடும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வடியுங்கள். தொட்டியில் மிஞ்சியதைக் கழுவிவிடுங்கள்.

ஓட்டல் கழிவையே குட்டிக்கும் போடலாமா?

பால் மறந்த முதல் நான்கு வாரத்துக்கு வேண்டாம். எண்ணெயும் உப்பும் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. அந்த வயதுக் குடலுக்கு அந்த ஏற்ற இறக்கமே போதும், கழிச்சல் வந்துவிடும். வளர்ந்த பன்றிக்குக் கொடுப்பவர்களும் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே கொடுக்க வேண்டும். கொதிக்காத கழிவில் வரும் இறைச்சித் துண்டு பன்றிக் காய்ச்சலைக் கொண்டுவரும்.

அமிலங்களில் எது நல்லது, எவ்வளவு போடுவது?

இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் சேர்க்கைகளில் முதலில் காசு செலவழிக்கத் தகுந்தது இதுதான். கரிம அமிலம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. வயிற்றைப் புளிப்பாக்கிப் புரதச் செரிமானத்தைக் கூட்டுகிறது. அதோடு, பிரிந்துபோகாத அமில மூலக்கூறு பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி உள்ளே போய், அங்கே பிரிந்து, அதை உள்ளிருந்தே சோர்வடையச் செய்கிறது. ஹைட்ரோகுளோரிக் போன்ற வன்மையான அமிலம் புளிப்பை மட்டும் தரும், பாக்டீரியாவுக்குள் நுழையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை நாடாதீர்கள்.

பென்சோயிக் அமிலம் 100 கிலோ தீவனத்துக்கு 500 கிராம். ஐரோப்பிய ஒன்றியம் குட்டிகளுக்கு அனுமதித்திருக்கும் உச்ச அளவும் அதுவே. தூளாக இருப்பதால் கையாள எளிது. பொட்டாசியம் டைஃபார்மேட் 600 கிராம் முதல் 1.2 கிலோ வரை. சிட்ரிக் அமிலமோ ஃபியூமரிக் அமிலமோ என்றால் 1 முதல் 2 கிலோ. அரைக் கிலோ போட்டுவிட்டுப் பலன் தெரியவில்லை என்பது சரியல்ல, அந்த அளவில் அவை வேலை செய்யாது. கால்சியம் ஃபார்மேட் போட்டால் அதில் 30 சதவீதம் கால்சியம் இருப்பதை மறக்காதீர்கள். சுண்ணாம்புத் தூளை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

நீர்ம ஃபார்மிக் அமிலத்தைச் சிறு பண்ணையில் தீவனத்தில் கையால் கலக்க வேண்டாம். தோலை எரிக்கும், ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். கலவை சமமாகப் பரவாவிட்டால் அமிலம் கூடிய கட்டியைத் தின்ற குட்டியின் வாயும் புண்ணாகும்.

மேலே பூசப்பட்ட சோடியம் பியூட்டிரேட் 100 முதல் 300 கிராம் போடுவது வேறு நோக்கத்துக்கு. அது குடல் சுவரின் செல்களுக்கு உணவாகிறது. பூச்சு இல்லாத பியூட்டிரேட் வயிற்றிலேயே உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துவிடும். நாற்றமும் தாங்க முடியாது.

தண்ணீரில் அமிலம் கலக்கலாமா?

கலக்கலாம். தின்னாத குட்டியும் குடிக்கும் என்பதால், பிரித்த முதல் வாரத்தில் தீவனத்தைவிட இது நம்பகமான வழி. தண்ணீரின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் மில்லி அளவை அப்படியே நம்ப முடியாது. காரணம் நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை. ஒரே அளவு அமிலம் ஓர் ஊரில் பி.எச்.-ஐ 3.5-க்கு இறக்கும், பக்கத்து ஊரில் 6-இல் நிற்கும். 10 லிட்டர் வாளியில் உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, 2 மில்லி 2 மில்லியாக ஊற்றிக் கலக்கி, பி.எச். தாளில் பார்த்துக் கணக்கெடுங்கள். 3.5-க்குக் கீழே போனால் குட்டி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், கெடுதலே மிஞ்சும்.

எப்போதும் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். ஜி.ஐ. குழாய் அரித்துப்போகும், பி.வி.சி. குழாய் தாங்கும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது ஆளுக்கே ஆபத்து. இன்னொன்று, அமிலத் தண்ணீர் ஓடும் குழாயில் சில வாரத்தில் ஈஸ்ட் வளர்ந்து வழவழவென்று படியும், நிப்பிள் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டமும் வெளியேறியதும் குழாயை அலசி விடுங்கள். நிப்பிளில் ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வருகிறதா என்று டம்ளர் வைத்து அளந்து பாருங்கள். குறைந்தால் எந்தச் சேர்க்கையும் காப்பாற்றாது.

ஜிங்க் ஆக்சைடு போட்டால் கழிச்சல் நிற்கிறது என்கிறார்களே?

நிற்கும். இதை மறுக்க முடியாது. 2500 பி.பி.எம். (1 கிலோ தீவனத்தில் 2500 மில்லிகிராம்) துத்தநாகம் என்ற அளவில், அதாவது 80 சதவீதத் துத்தநாகம் கொண்ட ஜிங்க் ஆக்சைடு 100 கிலோவுக்குச் சுமார் 310 கிராம், பிரித்த முதல் 14 நாள் கொடுப்பதுதான் உலகெங்கும் நெடுநாள் இருந்த முறை. குட்டியின் ஊட்டத்துக்குத் தேவையான அளவோ 100 பி.பி.எம். சுற்றித்தான்.

பிறகு ஏன் தயக்கம்? போட்டதில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் சாணத்தோடு வெளியேறி நிலத்தில் சேர்கிறது; துத்தநாகம் மக்குவதில்லை. துத்தநாகத்தைத் தாங்கப் பழகிய பாக்டீரியாக்களில் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் சேர்ந்தே பரவுகிறது. இந்த இரண்டு காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன் 26 முதல் இந்த மருந்தளவு உபயோகத்தை நிறுத்தியது. அங்கே இப்போது குட்டித் தீவனத்தில் 150 பி.பி.எம். தான் உச்சம். சீனாவில் முதல் இரண்டு வாரத்துக்கு 1600 பி.பி.எம். வரை.

கடும் கழிச்சலால் குட்டிகள் செத்துக்கொண்டிருக்கும் பண்ணையில், மருத்துவர் சொல்லி, 14 நாள் மட்டும், புரதத்தையும் சுகாதாரத்தையும் சரிசெய்யும் இடைக்காலத்துக்குப் போடுவதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வழக்கமாகப் போடுவதில் இல்லை. மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் ஈரலிலும் கணையத்திலும் சேர்ந்து பசியைக் குறைக்கும், செம்பை உறிஞ்சவிடாது. அதோடு ஜிங்க் ஆக்சைடு வயிற்றுப் புளிப்பை வலுவாக முறிக்கும். தானியத்திலுள்ள பாஸ்பரஸைப் பிரித்துத் தரும் ஃபைட்டேஸ் நொதியின் வேலையையும் கெடுக்கும்.

காப்பர் சல்பேட்?

நீல மயில்துத்தத்தில் 25 சதவீதம் செம்பு. 100 கிலோவுக்கு 50 கிராம் போட்டால் 125 பி.பி.எம். வரும், அதுவே போதும். ஐரோப்பிய வரம்பு, பால் மறந்த 4 வாரம் வரை 150, அதன்பின் 8 வாரம் வரை 100 பி.பி.எம். தாது உப்புக் கலவையில் ஏற்கெனவே எவ்வளவு செம்பு இருக்கிறது என்று பையில் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பண்ணையில் செம்மறியாடு இருந்தால் மிகுந்த கவனம் தேவை. பன்றிக்கு நல்லது செய்யும் செம்பின் அளவு செம்மறியைக் கொன்றுவிடும். மிஞ்சிய பன்றித் தீவனத்தையும், கழுவாத கலவைப் பாத்திரத்தையும் ஆட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புரோபயாடிக் பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

நான்கு விவரம்: எந்த உயிரி, எந்த இனக்குறியீடு, 1 கிராமில் எத்தனை உயிருள்ள எண்ணிக்கை, காலாவதித் தேதி. "பல நன்மை பாக்டீரியாக்கள் அடங்கியது" என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

1 கிலோ தீவனத்துக்குச் சுமார் 100 கோடி உயிரி என்ற அளவு வழக்கத்தில் உள்ளது. பாக்கெட்டில் 1 கிராமுக்கு 100 கோடி என்றிருந்தால் 100 கிலோ தீவனத்துக்கு 100 கிராம். 1 கிராமுக்கு 10 கோடி என்றிருந்தால் அதே பலனுக்கு 1 கிலோ போட வேண்டும்; விலையை இப்படிக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் இரண்டும் வித்து வடிவில் இருப்பதால் குருணைத் தீவன ஆலையின் சூட்டையும், நம் கோடையில் கிடங்கின் வெப்பத்தையும் தாங்கும். லாக்டோபேசில்லஸும் உயிருள்ள ஈஸ்டும் அந்தச் சூட்டில் சாகும். அவற்றை மாவுத் தீவனத்தில் அல்லது குளோரின் இல்லாத தண்ணீரில் மட்டும் கொடுங்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாளில் புரோபயாடிக் கொடுப்பது வீண். குட்டி பிரிவதற்கு ஒரு வாரம் முன்பே, தாயிடம் இருக்கும்போது வைக்கும் முன்தீவனத்தில் தொடங்குவதுதான் சரி. நோய்க்கிருமி இடம் பிடித்த பிறகு வரும் நல்ல பாக்டீரியாவுக்கு இடம் கிடைப்பதில்லை.

அதற்குப் பதில் வீட்டு மோர் ஊற்றலாமா?

புளித்த மோர் லாக்டிக் அமிலத்தைத் தரும், கூழை ருசியாக்கும். குட்டி முதல் நாளே வாய் வைக்க அது உதவும். முதல் மூன்று நாள், 1 பங்கு தீவனத்துக்கு 2 பங்கு நீர்மம் என்று கூழாக்கி, அந்த நீர்மத்தில் பாதி மோராக இருக்கலாம். நாளுக்கு நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் அரை மணியில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். ஆனால் மோரிலுள்ள பாக்டீரியா பன்றியின் குடலில் தங்கும் என்றோ, எண்ணிக்கை போதும் என்றோ எதிர்பார்க்கக் கூடாது.

ஈஸ்ட் சுவர், எம்.ஓ.எஸ். பொடிகள் ஈ.கோலையைப் பிடித்துக்கொண்டு வெளியேற்றும் என்கிறார்களே?

இந்த விற்பனைப் பேச்சில் பாதிதான் உண்மை. எம்.ஓ.எஸ். என்பது மேனோஸ் சர்க்கரைத் தொடர். மேனோஸில் ஒட்டும் வகை நுண்ணிழை கொண்ட பாக்டீரியாக்களை அது பிடிக்கும். சில சால்மோனெல்லாக்கள் அப்படிப்பட்டவை. கழிச்சலுக்குக் காரணமான எஃப்4, எஃப்18 நுண்ணிழைகள் மேனோஸைத் தேடி ஒட்டுபவை அல்ல. ஆகவே அவற்றை நேரடியாகப் பிடித்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். ஈஸ்ட் சுவரிலுள்ள பீட்டா குளுக்கான் குட்டியின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது; பலன் இருந்தால் அந்த வழியில்தான். 100 கிலோவுக்கு 100 முதல் 300 கிராம் என்பது பொதுவான அளவு. காசு குறைவாக இருந்தால் இதை விட்டுவிட்டு அமிலத்துக்குச் செலவழியுங்கள்.

மஞ்சள், பூண்டு போடலாமா?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ஈ.கோலை புகட்டப்பட்ட குட்டிகளுக்கு மஞ்சள், மிளகாய், பூண்டு ஆகியவற்றின் செறிவூட்டிய சாற்றை 1 கிலோ தீவனத்துக்கு வெறும் 10 மில்லிகிராம் கொடுத்தபோது கழிச்சல் குறைந்தது. அது சமையல் மஞ்சள்தூள் அல்ல, பிழிந்தெடுத்த சாறு. மஞ்சள்தூளைக் கைப்பிடி கணக்கில் போட்டால் அதே பலன் வரும் என்று சொல்ல ஆதாரமில்லை. அளவு மீறினால் குட்டி முகர்ந்துவிட்டு விலகும். ஓரிகானோ என்ற மூலிகையின் எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

தேங்காய் எண்ணெய் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அதில் பாதிக்கு நெருக்கமாக லாரிக் அமிலம், கொஞ்சம் கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள். எண்ணெய் செரிந்து இவை பிரியும்போது பாக்டீரியாவை ஓரளவு ஒடுக்கும். குட்டிக்கு ஏதோ ஓர் எண்ணெய் தேவை என்பதால் அது தேங்காய் எண்ணெயாக இருப்பது நல்ல தேர்வு. சிக்கு வாடை அடித்த எண்ணெய் வேண்டாம்.

நார்ச்சத்து கழிச்சலைக் கூட்டாதா?

எந்த நார் என்பதைப் பொறுத்தது. கரையாத, கொரகொரப்பான நார், அதாவது 4 சதவீதம் கோதுமைத் தவிடு, குடல் அசைவைச் சீராக்கி ஈ.கோலை ஒட்டுவதைக் குறைக்கிறது. நைசாக அரைத்தால் அந்தப் பலன் குறையும். கொழகொழப்பை உண்டாக்கும் கொத்தவரைப் புண்ணாக்கு போன்றவை நேர் எதிர். குடலில் உணவைத் தேக்கி ஈ.கோலை பெருக இடம் கொடுக்கும்.

களிமண் பொடிகள்?

ஸ்மெக்டைட், ஜியோலைட், கயோலின் வகைகளை 100 கிலோவுக்கு 300 கிராம் போட்ட ஆய்வுகளில் கழிச்சல் குறைந்தது. நச்சை உறிஞ்சுவதாலும் தண்ணீரைப் பிடிப்பதாலும் சாணம் கெட்டியாகும். தீவனத்துக்கென்று விற்கப்படும் பொடியை மட்டும் வாங்குங்கள்.

தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்துவிட்டால் இத்தனை தொல்லை இல்லையே?

இன்று தொல்லை இல்லாததுபோல் தெரியும். குறைந்த அளவில் தினமும் போட்ட மருந்து, அதைத் தாங்கும் ஈ.கோலையை உங்கள் கொட்டிலிலேயே வளர்த்துவிடும். பிறகு உண்மையான நோய் வரும்போது ஊசியும் பலிக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது, சீனா 2020-இல். பன்றிக் கழிச்சலுக்கு ஒரு காலத்தில் அள்ளிப் போடப்பட்ட கொலிஸ்டின், மனிதர்களுக்கு வேறு மருந்து பலிக்காதபோது கொடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று. உணவுக்கான கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. பழைய சரக்கை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நோயுற்ற குட்டிக்கு மருந்து வேண்டுமென்றால் மருத்துவர் ஆய்வக முடிவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஊசியாகவோ தண்ணீரிலோ கொடுக்கட்டும்.

கழிச்சலே இல்லாமல், கொழுத்த குட்டியாகப் பார்த்துச் சாகிறதே?

வீக்க நோயாக இருக்கலாம். பிரித்த ஒன்றிரண்டு வாரத்தில், நன்றாகத் தின்னும் குட்டிகளைத் தாக்கும். கண் இமை வீங்கும், தள்ளாடும், கத்தும் குரல் கம்மிப்போகும், சில நேரம் எந்த அறிகுறியும் இல்லாமல் காலையில் செத்துக் கிடக்கும். எஃப்18 ஈ.கோலையின் வேறொரு நச்சு இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துவதால் வருவது இது. அறிகுறி வந்த குட்டிக்குச் சேர்க்கையால் பயனில்லை. மீதிக் குட்டிகளுக்கு இரண்டு மூன்று நாள் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, தவிட்டைக் கூட்டி, சிறு சிறு வேளையாகக் கொடுங்கள், மருத்துவரை அழையுங்கள்.

50 கிராம் பொருளை 100 கிலோவில் எப்படிச் சமமாகக் கலப்பது?

50 கிராமை முதலில் 1 கிலோ மக்காச்சோள மாவில் கலக்குங்கள். அதை 5 கிலோவில், அதை 20 கிலோவில், கடைசியாக முழுக் குவியலில். தரையில் மண்வெட்டியால் கலப்பவர்கள் குவியலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஆறேழு முறை முழுதாக மாற்றிப் போட வேண்டும். எண்ணெய் எப்போதும் கடைசியில். முதலில் ஊற்றினால் பொடிகள் உருண்டையாகிவிடும். செம்பு, துத்தநாகத்தை வைட்டமின் கலவையோடு நேரடியாகச் சேர்த்து வைக்காதீர்கள். ஈரம் பட்டால் வைட்டமின் அழியும். அமிலம் போட்ட தீவனத்தில் சோடா உப்பு வேண்டாம். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பது நல்லது.

வாங்கிப் போட்ட சேர்க்கை உண்மையில் பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஈற்றுக் குட்டிகளை எடை பார்த்துப் பாதிப் பாதியாக இரண்டு பட்டியில் பிரியுங்கள். தீவனம், தண்ணீர், தரை எல்லாம் ஒன்றே. ஒரு பட்டியில் மட்டும் சேர்க்கை. பெரிய குட்டிகளெல்லாம் ஒரு பக்கம் போய்விட்டால் ஒப்பீடு பயனற்றது. 14 நாள், தினமும் காலையில் ஒவ்வொரு குட்டிக்கும் மதிப்பெண் எழுதுங்கள்: கெட்டிச் சாணம் 0, இளகியது 1, கூழ் 2, தண்ணீர் 3. கடைசி நாளில் எடை பாருங்கள், தின்ற தீவனத்தையும் கணக்கிடுங்கள். ஒரு கூட்டத்தில் தெரிந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம்; மூன்று கூட்டங்களில் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தச் சேர்க்கையைத் தொடருங்கள், இல்லையென்றால் நிறுத்திவிட்டு அடுத்ததை இதே முறையில் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருள் போட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது.